அக்காள்மடத்தில் நன்றாகக் கவனித்துக்கொள்ளப்பட்ட மெக்னீசியம்

ராமேஸ்வரம் போகிறேன் என்றாலே ஆளாளுக்குத் தீர்த்தம் கேட்கிறார்கள். நான் போனது இருபத்து நான்கு உலோகப் பட்டைகளை எடுத்து வர. மதுரையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஏழு வருடமாக ஆராய்ச்சிப் பட்டத்தோடு மல்லுக்கட்டுபவள் நான். ஆறு மாதத்துக்கு முன்பு அந்த மெக்னீசியக் கலவைப் பட்டைகளை ராமேஸ்வரத்துக்கு முன்னால் உள்ள அக்காள்மடத்தில் கடற்காற்றில் தொங்கவிட்டு வந்திருந்தேன். உப்பு அரித்த பிறகு அவற்றில் எவ்வளவு வலு மிச்சம் என்று இயந்திரத்தில் இழுத்துப் பார்க்க வேண்டும். அந்த எண்கள் வராவிட்டால் ஜூனில் என் பதிவு காலாவதி. ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை. மாட்டுத்தாவணியில் காலை 5.10 பஸ், ராமநாதபுரத்துக்கு நூற்றுப்பத்து ரூபாய். 7.50க்கு இறங்கி, ஆறிப்போன இட்லி இரண்டு சாப்பிட்டு, 8.20க்கு ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏறினேன். நிற்கத்தான் இடம். பாம்பன் பாலத்தில் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து படம் எடுத்தார்கள். எனக்கு உட்கார இடம் கிடைத்தால் போதுமென்றிருந்தது. 9.40க்கு அக்காள்மடம். மெயின் ரோட்டிலிருந்து கடல் பக்கம் முக்கால் கிலோமீட்டர் மணலில் நடை. ஆட்டோ வராது. செருப்பு மணலை வாரும்.

பட்டைகளைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டவர் சூசை அண்ணன். சொந்தமாக வள்ளம் வைத்து மீன்பிடிப்பவர். அவர் வலை வைக்கும் கொட்டகையின் வெளிக்கம்பத்தில்தான் பட்டைகள் தொங்கின. தூரத்திலிருந்தே அவை வெயிலில் மின்னுவதைப் பார்த்தேன். ஆறு மாதம் கடற்கரையில் கிடந்த மெக்னீசியம் மின்னக் கூடாது. சாம்பல் பூத்து, குழி விழுந்து கிடக்க வேண்டும்.

"வாங்க டீச்சர், இங்கன நெழல்ல உக்காருங்க" என்றார் அண்ணன். "ஒரு பொட்டுத் துரு ஏறவிடல, பாருங்க."

"என்னண்ணே செஞ்சீங்க?"

"நீங்கதான சொன்னீக, உங்க எஞ்சின் மாதிரி பாத்துக்கங்கன்னு. கடல்ல இருந்து வந்ததும் எஞ்சினுக்கு நல்ல தண்ணி ஊத்திக் கழுவுவோம்ல? இதையும் கழுவித் தொடச்சு மாட்டிருவா இவ."

அவர் மனைவி செல்வராணி அக்கா சிரித்தார். "லாரித் தண்ணிதான் டீச்சர். தெனம் ஒரு வாளி."

சொன்னது நான்தான். ஏதோ மரியாதைக்குச் சொன்ன வார்த்தை. உப்பு தங்கினால்தான் என் சோதனை. அதைத்தான் குடிக்கிற தண்ணீரை ஊற்றி ஆறு மாதமாகக் கழுவியிருக்கிறார்கள். யாரைத் திட்ட? மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் வந்தது, மறைக்கவில்லை.

அக்கா பதறி உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே முறிந்த துண்டுகள். நான் அழுவது அதற்காக என்று நினைத்துவிட்டார். ஒருநாள் காற்றில் நூல் அறுந்ததும், கம்பத்தில் மாட்ட வசதியாகப் பட்டைகளின் முனையை அண்ணன் லேசாக வளைத்திருக்கிறார்.

"ரெண்டு ஓட்ட போட்டது சொன்ன பேச்சு கேட்டுச்சு. ஒத்த ஓட்டக்காரன் நாலும் டக்குனு முறிஞ்சுட்டான். அதோட விட்டுட்டேன்" என்றார் அண்ணன் குற்ற உணர்வோடு. "ரெண்டும் ஒரே சாமான்தானே டீச்சர்?"

ஒரே சாமான்தான்; ஓட்டைகள் வகை தெரிய நான் போட்ட அடையாளம். ஒற்றை ஓட்டை, வார்த்து அப்படியே ஆறவிட்டது. இரட்டை ஓட்டை, சூடாக்கி அச்சு வழியாகப் பிதுக்கி எடுத்தது. முறிந்த துண்டின் முகத்தை அவரிடம் காட்டினேன். கல்லுப்பு மாதிரி பெரிய படிக மணிகள் கண்ணுக்கே மினுங்கின. பிதுக்கியதில் மணிகள் தூளுப்பைவிடப் பொடி. மெக்னீசியத்துக்குள் அணு அடுக்குகள் ஒரே ஒரு போக்கில்தான் சுலபமாக வழுக்கும். மணி பெரிதாக இருந்தால், வளைக்கிற பாரமெல்லாம் ஒரே இடத்தில் குவிந்து விரிசல் விடும். மணி பொடியாக இருந்தால் வழுக்கலை மணிகளுக்கு இடையிலான சுவர்கள் அடிக்கடி மறிக்கும். அதனால் வலு கூடும். பாரத்தைப் பல மணிகள் பகிர்ந்துகொள்ளும். சுவர் ஓரங்களில் மற்றப் போக்குகளிலும் வழுக்கல் பிறக்கும். அதனால் முறியாமல் வளையும். பெரும்பாலும் வலுவைக் கூட்டினால் வளைவு குறையும். இங்கே ஓரளவுக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்கிறது.

"அப்ப உப்புக் காத்துக்கும் பொடி மணிதான் தாங்குமா?" என்று கேட்டார் அண்ணன்.

"அதத்தாண்ணே ஆறு மாசமாப் பாக்கணும்னு இருந்தேன்."

அண்ணன் மின்னும் பட்டைகளைத் திரும்பிப் பார்த்தார். இப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

என் வழிகாட்டிப் பேராசிரியரை அங்கிருந்தே போனில் கூப்பிட்டு நடந்ததை அப்படியே சொன்னேன். 'கடற்காற்றில் வைத்தது' என்று மட்டும் எழுதிவிடலாமே என்று பாதி மனசு சொன்னது, மறைப்பானேன். அவர், "ஒப்பிட்டுப் பாக்க, தினமும் கழுவினது ஒரு பக்கம்னு வச்சுக்கலாம். கழுவாத பக்கம் வேணுமே" என்றார். இன்னும் ஆறு மாதம். மூன்றாவது நீட்டிப்பு கேட்க வேண்டும், கிடைக்குமா தெரியாது.

அடுத்த கட்டச் சோதனைக்கென்று இரண்டு வகையிலும் சேர்த்துப் பன்னிரண்டு புதிய பட்டைகள் பையில் இருந்தன. பழையதைக் கழற்றி எடுத்துக்கொண்டு, புதியவற்றை அதே கம்பத்தில் கட்டினோம். கழுவ வேண்டாம், துடைக்க வேண்டாம், மழை வந்தால் மூடவும் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அக்காவின் முகம் சுருங்கியது. "அப்பிடியே போட்டு வைக்கவா? பாவமா இருக்கும் டீச்சர்."

போகிறவர்களுக்கு: காலை பஸ்ஸில் வலது பக்க ஜன்னலில் வெயில் குறைவு. அக்காள்மடம் ஸ்டாப்பைக் கண்டக்டரிடம் முன்பே சொல்லிவையுங்கள். தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். அங்கே யாரிடமும் கேட்காதீர்கள், தங்களுக்கு இல்லாவிட்டாலும் கொடுத்துவிடுவார்கள். அங்கே ஒன்றை ஒப்படைத்தால், என்ன செய்யக் கூடாது என்பதை முதலில் சொல்லுங்கள்.

வந்து ஒன்பது நாள் ஆகிறது. நீட்டிப்பு கேட்கும் கடிதம் இன்னும் என் மேஜையில்தான் கிடக்கிறது. தினமும் சாயங்காலம் அக்காவிடமிருந்து போனில் ஒரு படம் வருகிறது: கம்பம், பன்னிரண்டு பட்டைகள். கீழே ஒரே வரி: "இன்னைக்கும் ஒண்ணும் செய்யல டீச்சர்." இன்றைய படத்தில் ஒற்றை ஓட்டைப் பட்டை ஒன்றில் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. வரியும் மாறியிருக்கிறது: "கை துறுதுறுங்குது. ஆனாலும் தொடல."