அடியிலிருந்து எண்ணிய சேறு

கோவிந்தாபுரம் பக்கத்து ஏரி ஒன்றில் சேறு எடுக்கப் போயிருந்தோம். நான், ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கும் மூணாறு எஸ்டேட் பையன், எங்கள் மேடம். மேட்டிலிருக்கும் ரசாயன ஆலையின் கழிவு எப்போதிலிருந்து ஏரிக்குள் இறங்குகிறது என்று தெரிய வேண்டும். குழாயை ஏரியின் அடியில் குத்தி எடுத்தால் மேலே இந்த வருடத்துச் சேறு, கீழே போகப் போகப் பழையது. அனுமதி அன்று ஒரு நாளைக்குத்தான்.

இருபது வருடமாகக் குத்துகிறவன் நான். என் குழாயில் ஒரு சாண் வந்தது. அவன் குழாயில் கை நீளத்துக்கு, விரிசலே இல்லாமல், கறுப்புப் பட்டையோடு வந்தது. மேடம் "அழகு" என்றார். என் கல்யாணத்தன்றுகூட என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. வயிறு எரிந்தது.

"துண்டு துண்டா வெட்டி நம்பர் போடுறத நான் பாத்துக்கறனுங்க" என்று முந்திக்கொண்டேன். அவர்கள் சாப்பாடு வாங்க ஜீப்பில் போனார்கள்.

வீட்டில் காலைப் புட்டைக் குழாயிலிருந்து தள்ளுவது நான்தான். அந்தக் கை அதே பழக்கத்தில் இந்தக் குழாயையும் சாய்த்து, மேல்பக்கம் கோலை வைத்துத் தள்ளியது. முதலில் வந்த துண்டைப் பையில் போட்டு ஒன்று என்று எழுதினேன், அடுத்தது இரண்டு. கடைசியாகப் புதுச்சேறு தளதளவென்று விழுந்தபோதுதான் உறைத்தது. ஒன்றாம் நம்பர் மேல்சேறாக இருக்க வேண்டும். இப்படியே போனால் ஆலை வருவதற்கு முன்பு ஏரி விஷம், இப்போது சுத்தம் என்றாகிவிடும்.

வேர்த்தது. பிறகு, வெட்கத்தோடு எழுதுகிறேன், இனித்தது. வாயைத் திறக்காவிட்டால் அவன் சேறு என் ஒரு சாணோடு ஒத்துப்போகாது. அவன் எடுத்த லட்சணம் சரியில்லை என்பார்கள்.

அந்த ஆனந்தம் ஜீப் திரும்பும்வரை இருந்தது. எனக்கென்று தனியாகப் பிரியாணிப் பொட்டலம் வாங்கி வந்திருந்தான், பாவி. ஏரி வேறு எதிரிலேயே கிடந்தது. சோறு இறங்கவில்லை. அவனிடம் உளறிவிட்டேன்.

அவன் பைகளை எண்ணிப் பார்த்தான். ஒன்றும் விடுபடவில்லை.

"இதுக்கா அண்ணே இப்படி வேர்த்துக் கொட்டுது? கடைசிப் பைய ஒண்ணுன்னு வச்சுத் திருப்பி எழுதுனா முடிஞ்சிருச்சு."

இது எனக்குத் தோன்றவேயில்லை. மேடத்திடம் நானே சொல்ல எழுந்தேன். அதற்குள் அவன், "நம்பர நாங்க மாத்திப் போட்டுட்டோம் மேடம், இப்பத் திருத்திடுறோம்" என்றான்.

நாங்களாம். நல்லவனாக இருப்பதிலும் முந்திவிட்டான்.

எல்லாப் பைகளிலும் நம்பரை அடித்துத் திருத்தி, பக்கத்தில் என் கையெழுத்தை மட்டும் போட்டேன். அந்தத் தப்பாவது முழுசாக என் பேரில் இருக்கட்டும்.