ஏழாம் குடுக்கையில் நடந்த குற்றம்

அமெரிக்காவில் ஈரி ஏரிக்கரையில் உள்ள எங்கள் ஊரில், தகைவிலான் குருவிக்கு இடம் கொடுப்பவரை ‘வீட்டுக்காரர்’ என்போம். வாடகை வராது, எச்சம் மட்டும் தவறாமல் வரும்.

ஓய்வுபெற்ற தபால்காரர் மெர்ல் கிராட்ஸர் இந்த இனத்தின் பீடாதிபதி. கொல்லையில் கம்பம் நட்டு, குருவிகள் கூடுகட்டப் பன்னிரண்டு சுரைக்குடுக்கைகள் தொங்கவிட்டிருந்தார். வசந்தத்தில் குளிர் திரும்பிப் பூச்சிகள் அடங்கிவிட்டால், முட்டைப் பொரியலை ஸ்பூனால் வானத்தில் சுண்டிவிடுவார். குருவிகள் பறந்தபடியே கவ்விக்கொள்ளும். பக்கத்து வீட்டு ட்வைட் வைத்த பிளாஸ்டிக் கூண்டைப் பார்த்து, “ஏம்ப்பா, இது குருவிக்கா, பொம்மைக்கா?” என்று ஊரறியக் கேட்டவரும் அவரே.

அவருடைய முதல் போதனை: வாரம் ஒருமுறை கம்பத்தை இறக்கு, சிட்டுக்குருவிக் கூடு இருந்தால் பிய்த்தெறி. இங்கே சிட்டுக்குருவி செல்லமல்ல. தகைவிலான் முட்டையைக் குத்தி உடைக்கும் போக்கிரி.

மே மாதம் ஒரு காலை, கண்ணாடி போடாமலே கம்பத்தை இறக்கினார். ஏழாம் குடுக்கையில் வைக்கோல் தெரிந்தது. சிட்டின் கூடென்று அள்ளி வேலியோரம் வீசினார். உடைந்து கிடந்தவை ஐந்து முட்டைகள், வெள்ளை வெளேரென்று. சிட்டுக்குருவி முட்டை என்றால் புள்ளி இருக்கும்.

காலில் மஞ்சள் வளையம் போட்ட பெட்டைக்குருவி இரண்டு நாள் குடுக்கைக்குள் எட்டி எட்டிப் பார்த்தது. மூன்றாம் நாள் காணவில்லை. ஜூன் தாண்டினால் இந்த வருடம் அதற்குக் குஞ்சே இல்லை. மெர்லுக்குக் காபி இறங்கவில்லை.

“என்னாச்சு உங்களுக்கு?” என்றாள் மனைவி ஆர்லின்.

“சிட்டுக்குருவி... ஏழாம் நம்பரை விரட்டிடுச்சு.”

“அந்த நாசமாப்போனதுங்களை!” என்றவள், ஞாயிற்றுக்கிழமை தேவாலய விருந்தில் எல்லோரிடமும் சொன்னாள். ஊரே நிரபராதிச் சிட்டுகளைத் திட்டியது. மெர்ல் உருளைக்கிழங்கு சாலட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் முதல் வாரம் வேலிக்கு மேலே ட்வைட்டின் தலை தெரிந்தது.

“பெரியவரே, உங்க மஞ்சள் வளையக்காரி என் வீட்டுக்குக் குடிவந்துட்டா! வந்து கயிறைப் பிடிங்க, பார்ப்போம்.”

கூண்டு இறங்கியது. ட்வைட் கதவைத் திறந்தான். “நாலு முட்டை! பாவம், சிட்டுக்குப் பயந்து ஓடியாந்திருக்கா.”

மெர்ல் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டார். “சிட்டு இல்லப்பா. நான்தான் அள்ளி எறிஞ்சேன்.”

ட்வைட் அவரைப் பார்த்தான். கம்பிமேல் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்த பெட்டையையும் பார்த்தான்.

“சரி, சரி. மெதுவா ஏத்துங்க. அடைகாக்கக் காத்துக்கிட்டிருக்கா.”

மெர்ல் கயிற்றை அங்குலம் அங்குலமாக இழுத்தார்.