ஏரிக்கரையில் நின்ற நாய்

மழை ஓய்ந்து, பர்மியரின் விளக்குத் திருவிழாவும் முடிந்திருந்த ஐப்பசி வாரம். "காட்டுல ஒரு ராத்திரி தங்கணும்டா" என்று அக்கா சொன்னபோது சிரித்துவிட்டேன். ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்த நாங்கள் இருவரும் அதுவரை ஒரு கூடாரத்தைக்கூடப் பக்கத்தில் பார்த்ததில்லை. பசுந்தாங் பகுதியில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. அம்மாவும் அப்பாவும் போனபின் அதில் அக்கா, நான், ஒரு வெள்ளை நாய்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட். முதலில் அந்தி சாய்ந்தால் தடுமாறினாள். பிறகு பகலிலும் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. "குழாய்க்குள்ள கண்ண வச்சுப் பாக்கற மாதிரி இருக்கு" என்பாள். இதற்கு எங்கேயும் மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முழுவதும் இருட்டுவதற்குள் ஒரு மானைப் பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும் என்றாள். அதற்குமேல் எப்படி மறுப்பது?

நகரத்துக்கு வடக்கே ஒரு தேசியப் பூங்கா. ஏரியும் அதைச் சுற்றிக் காடுமாக இருக்கும். தார்ப்பாய், கொசுவலை, கயிறு, ஆபீஸ் மேனேஜர் ஊரைவிட்டுப் போகும்போது அக்காவிடம் கொடுத்த பழைய கேமரா, எல்லாவற்றையும் சுமந்துகொண்டு சனிக்கிழமை கிளம்பினோம். நாயை ஏற்ற இரண்டு பஸ்காரர்கள் மறுத்தார்கள். மூன்றாவது வண்டிக்காரன் அதை என் மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னான்.

அங்கே காவலர் ஒருவர் இருந்தார். அறுபது வயதிருக்கும். மாமா என்ற மரியாதையில் 'ஊலே' என்று கூப்பிட்டோம். தன் குடிசைப் பக்கத்திலேயே தார்ப்பாயைக் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, "நாய அவுத்து விட்டுடாதீங்க, மான் மிரளும்" என்று பர்மிய மொழியில் எச்சரித்தார்.

மாலை நாலு மணிக்கு ஏரியின் எதிர்க்கரையில் மான்கள் தண்ணீர் குடிக்க வந்தன. நான் கை காட்டினேன். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு அக்கா அங்கும் இங்கும் தேடினாள். அந்தச் சின்னக் குழாய்க்குள் மான் அகப்படவில்லை. நாய் விறைத்து நின்றது. அக்கா குனிந்து அதன் கழுத்தைத் தடவி, தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தாள். அதே பக்கம் கேமராவைத் திருப்பி மூன்று நாலு முறை அழுத்தினாள்.

"கெடச்சுதாடா?"

"கெடச்சுதுக்கா" என்றேன். மான்கள் அதற்குள் புதருக்குள் போயிருந்தன.

நான் சோற்றை இறக்கிவைத்துக்கொண்டிருந்தபோது நாய் கயிற்றை உருவிக்கொண்டுவிட்டது. அந்தி மங்கிவிட்டது. அக்கா பதறிக் கூப்பிட்டாள். நான் ஏரிக்கரை முழுக்கப் பார்த்தேன். எங்கும் இல்லை. சத்தம் கேட்டுக் காவலர் வெளியே வந்தார். அவர் கையில் டார்ச்கூட இல்லை.

"அதோ நிக்குதே, உங்க முன்னாடி."

"எங்க ஊலே?"

"பத்தடிகூட இல்லையேப்பா. வெள்ளை நாய், தெரியலையா?"

நான் கையை நீட்டிக்கொண்டு நடந்தேன். ஈரமான மூக்கு ஒன்று என் விரலில் இடித்தது. அதன் பிறகும் அது எனக்குத் தெரியவில்லை.

காவலர் உள்ளே போய்விட்டார்.

"இருட்டிடுச்சுக்கா, அதான்" என்றேன்.

"அந்தக் கிழவருக்குத் தெரியுதேடா. எத்தன நாளா?"

எனக்குத் தெரியாமல் இல்லை. பபேடான் பகுதியில் நான் வேலை பார்த்த மருந்துக்கடையின் படியில் ஒரு மாதத்தில் மூன்று முறை இடறியிருந்தேன். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"கூடப் பொறந்தவங்களுக்கும் வரலாம்னு டாக்டர் அப்பவே சொன்னாரு" என்றாள் அக்கா. "நான் ஒங்கிட்ட சொல்லல. வீட்டுலன்னா தெருவெளக்கு, மெழுகுவத்தின்னு ஏதாச்சும் வெளிச்சம் இருக்கும். இங்க வந்தா தெரிஞ்சுடும்னு நெனச்சேன். மானுக்காக வரலடா."

"நேரா கேட்டிருக்கலாமேக்கா."

"கேட்டா ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவ. ஒனக்குப் பேசியிருக்கற பொண்ணு வீட்டுல கல்யாணத் தேதி குறிக்கச் சொல்றாங்க. அதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கணும்னு தோணிச்சு." பிறகு, "தெரியாமலே இருந்திருக்கலாம்" என்றாள்.

சோறு அப்படியே இருந்தது. நாய்க்கு மட்டும் போட்டோம்.

மறுநாள் காலை பனி விலகி ஏரி அழகாகத்தான் இருந்தது. அக்கா கேமராவை உறையிலிருந்து எடுக்கவில்லை. முதல் பஸ்ஸிலேயே திரும்பிவிட்டோம். கழுவிவந்த படங்களில் புதர் இருந்தது, தண்ணீர் இருந்தது. இரண்டு படத்தில் மான் இருக்கிறது என்று சொன்னேன். "பொய் சொல்லாத" என்று சொல்லிவிட்டு அவற்றை வாங்கி வைத்துக்கொண்டாள்.

டாக்டர் என் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். அக்காவுக்குச் சொன்ன அதே வார்த்தைகளை எனக்கும் சொன்னார்.

பெண் தின்கன்ஜூனில் பள்ளிக்கூட டீச்சர். தரகர் மூலம் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. ஒரு டீக்கடையில் உட்காரவைத்து நானே சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"புள்ளைங்களுக்கும் வருமா?"

"வரலாம்."

டீயைக் குடித்து முடித்தாள். "அம்மாகிட்ட சொல்றேன்" என்று எழுந்து போனாள். பிறகு அவர்கள் வீட்டிலிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையே செய்திருப்பேன்.

மூன்றாம் வருடம் நாய் செத்தது. அதன் பிறகு அக்கா மாடியிலிருந்து இறங்குவதையே விட்டுவிட்டாள். ஒரு நாள் கடையில் வேறொரு மாத்திரைப் பட்டையை எடுத்து நீட்டினேன். வாங்க வந்த அம்மாள் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அன்றே முதலாளியிடம் சொல்லி நின்றுகொண்டேன். இப்போது பொழுது சாயும் முன் வீட்டுக்கு வந்துவிடக்கூடிய சின்னச் சின்ன வேலைகள் மட்டும்தான்.

முன்பெல்லாம் காலையில் எழுந்ததும் "இன்னிக்கு எவ்வளவு தெரியுது?" என்று அக்கா கேட்பாள். இப்போது கேட்பதில்லை. நானும் சொல்வதில்லை.