அண்ணை வந்த ஐந்து விநாடி

போன ஞாயிறு மகள் கைபேசியில் ஏதோ பழைய ஹொலிவூட் பகிடிப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்தி, "அப்பா, இஸ் திஸ் யூ?" என்றாள். பழவண்டிலுக்குக் கீழே இரண்டு பேர் குப்புறக் கிடந்தார்கள். முதுகு தெரிகிறவன் நான். முகம் தெரிகிறவர் தேவன் அண்ணை.

தொண்ணூறுகளில் நானும் அண்ணையும் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறை, ஒரே உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. அந்தச் சவர்க்காரத்தின் எலுமிச்சை மணம் எங்கே வந்தாலும் எனக்கு அண்ணையின் ஞாபகம்தான் வரும். படப்பிடிப்புக்கும் அந்த மணத்தோடுதான் போனோம். கூட்டத்தில் நிற்க ஆள் தேவை, மத்தியானம் சாப்பாடு உண்டு என்று ஆங்கில வகுப்பில் சொன்னார்கள். நான் போனது சாப்பாட்டுக்கு. அண்ணைக்கு வேறு ஆசை. அவருடைய மனைவி மகேஸ் அக்கா கனடா வருவதற்கு ஆறு வருடமாக யாழ்ப்பாணத்தில் ஸ்பொன்சருக்குக் காத்திருந்தார்.

"அவள் வந்தவுடனை தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போய் என்னைப் படத்திலை காட்டோணும்" என்றார் அண்ணை. அதற்காகவே தலைமயிர் வெட்டி, கல்யாணச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

படத்துக்காக ரொறன்ரோ அன்று நியூயோர்க். மஞ்சள் டாக்சிகளை வரிசையாக விட்டு, எங்கள் சிவப்புத் தபால்பெட்டியைக்கூட மறைத்திருந்தார்கள். வேலை சுலபம். கதாநாயகன் ஹெலிகொப்டரில் தொங்கிக்கொண்டு வருவான், நாங்கள் அண்ணாந்து கைகாட்ட வேண்டும்.

ஹெலி தாழ வந்தது. எல்லோரும் கைகாட்டினார்கள். "படுடா!" என்று அண்ணை என் பிடரியைப் பிடித்துப் பழவண்டிலுக்குக் கீழே அமத்தினார். அவர்தான் என்னை விழுத்தினார் என்று நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன், அவர் கை படுமுன்பே என் முழங்கால் மடிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஹெலி தாழ வந்தால் சுடத்தான் வரும். அதற்கு யார் கைகாட்டினார்கள்?

இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். இன்னொரு முறை அப்படியே படுக்கச் சொன்னார். இந்த முறை சேர்ட்டில் ஊத்தை படாமல் பார்த்துப் படுத்தோம். அது சரிவரவில்லையாம், முதலாவதையே வைத்துக்கொண்டார்கள். எனக்கு வெட்கத்தில் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணை மட்டும், "முகம் விழுந்திருக்குமோ?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தார்.

படம் வெளியானபோது மகேஸ் அக்கா வந்து மூன்று கிழமை. மூவரும் போனோம். தியேட்டர் நிறையச் சனம். ஹெலிச் சத்தம் அரங்கையே அதிரவைத்தது. திரை முழுக்க அண்ணையின் முகம். எங்களுடைய பயத்தைப் பார்த்துச் சனம் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம்தான்.

அண்ணை ஆவலோடு பக்கத்தில் திரும்பினார். கதிரையில் அக்கா இல்லை. கீழே, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார்.

அவர் எழும்பியபோது வேறு காட்சி ஓடியது. "எங்கை, நீங்கள் இன்னும் வரேல்லையோ?" என்று கேட்டார்.

"வெட்டிப்போட்டாங்கள் போலை" என்றார் அண்ணை. அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பற்றி அவர் பேசவேயில்லை.

தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது கொண்டோ மாடிக் கட்டடம் நிற்கிறது. அண்ணை செத்துப்போய் நாலு வருடம். கைபேசியோடு அக்காவிடம் போனேன். படத்தைப் போடுமுன் சத்தத்தை முழுதாக நிறுத்தினேன். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"உவர் என்ன, உப்பிடி மெலிஞ்சுபோய்க் கிடக்கிறார்?" என்றார்.