சோபாவைக் கடித்த அயோடினும் கிரேஸ் மிஸ்ஸும்

செய்தி வந்தபோது நான் கேம்ப் ரோட்டில் பேருந்துக்கு நின்றிருந்தேன். எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் என் எதிரே உட்காரும் ஷாஹிதா குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். கிரேஸ் மிஸ் விடிகாலையில் போய்விட்டார், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். வந்த பேருந்தை விட்டுவிட்டேன். அடுத்து வந்ததையும் விட்டேன். பிறகு அவர் வீடு நடந்து போகும் தூரம்தான் என்பது நினைவுக்கு வந்தது.

துக்க வீட்டில் பேச எனக்கு வராது. அதனால் இதை எழுதுகிறேன். அவருடைய வேதியியல் வகுப்பைப் பற்றி, பரிசோதனைக் கூடத்தில் அவர் காட்டிய கண்டிப்பைப் பற்றி உங்களில் பலர் அடக்கத் திருப்பலி முடிந்ததும் சொன்னீர்கள். ஒரு நாய்க்குட்டி சோபாவைக் கடிப்பதை அவர் எப்படி நிறுத்தினார் என்று யாரும் சொல்லவில்லை. இதை அற்ப விஷயம் என்று நினைப்பவர்கள் அந்த மழைக்காலத்தில் அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

குட்டி எங்கள் பள்ளி சைக்கிள் நிறுத்துமிடத்தில் நனைந்துகொண்டு கிடந்தது. தவிட்டு நிறம். கிரேஸ் மிஸ் அதைத் துப்பட்டாவில் சுற்றி ஸ்கூட்டியின் முன்பக்கம் வைத்து எடுத்துப் போனார். காயத்துக்குப் போடும் மருந்தின் நிறம் என்று சொல்லி அயோடின் என்று பெயர் வைத்தார். அவருக்கும் அவர் கணவருக்கும் குழந்தைகள் இல்லை. அதனால் ஆசிரியர் அறையில் சிலர் பரிவோடு தலையசைத்தார்கள். அந்தப் பரிவு அவருக்குப் பிடிக்கவில்லை. "குழந்தைக்குப் பதிலா நாய் வளர்க்குறேன்னு எவளாவது சொல்லட்டும், அயோடினை விட்டுக் கடிக்கச் சொல்றேன். அது நாயா இருக்கத்தான் வந்திருக்கு," என்றார் என்னிடம்.

கடிக்கச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. சோபாவின் கைப்பிடி, இருக்கையின் பிரம்பு, வாசல் திரைச்சீலையின் அடி ஓரம், மிதியடி என்று ஒவ்வொன்றாகக் கடித்தது. அந்தப் பிரம்பு சோபா அவருடைய கணவர் ஜோசப் சாரின் அம்மா உயிரோடு இருந்தவரை தினமும் துணியால் துடைத்து வைத்திருந்த சோபா. ஜோசப் சார் கத்துகிற மனிதர் அல்ல. ஒரு மாலை, பிய்ந்த பிரம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு அக்கா தூத்துக்குடியிலிருந்து வருகிறாள் என்றார். "அதுக்குள்ள இது நிக்கணும் கிரேஸ். இல்லேன்னா படப்பைல ஃப்ரெண்டோட தோட்டத்துல கொண்டுபோய் விட்டுடறேன். அங்க எதை வேணா கடிக்கட்டும்."

மறுநாள் கிரேஸ் மிஸ் விடைத்தாள் திருத்திக்கொண்டே இதை என்னிடம் சொன்னார். சிவப்புப் பேனா ஒரே விடையின் மேல் நெடுநேரம் நின்றது. படப்பைத் தோட்டத்தில் ஏற்கெனவே பெரிய நாய்கள் இருந்தன. குட்டி அங்கே தாங்காது என்று அவருக்குத் தெரியும்.

முதலில் அவர் வேதியியல் ஆசிரியையாகவே யோசித்தார். கசப்பான எதையும் எந்த உயிரும் இரண்டாம் முறை கடிக்காது என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை வேப்பெண்ணெயை வாங்கி சோபா, நாற்காலி, கதவு ஓரம் எல்லாவற்றுக்கும் தூரிகையால் பூசினார். அன்று மாலை அன்பியக் கூட்டம் தங்கள் வீட்டில் என்பதை மறந்துவிட்டார். தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி ஜெபிக்கும் கூட்டம் அது. எல்லோரும் நல்ல சேலையோடு வந்து சோபாவில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்கள். பாதியில் ஒரு பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு மெல்ல எழுந்து, "கிரேஸ், மறைக்காம சொல்லு. வீட்ல யாருக்காவது அம்மை போட்டிருக்கா?" என்று கேட்டாராம். கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் ஜெபம் முடிவதற்குள் கிளம்பிவிட்டார்கள். மற்றவர்கள் சேலையில் எண்ணெய்க் கறையோடு போனார்கள். இதைச் சொல்லும்போது கிரேஸ் மிஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அயோடின் அந்த வாரம் முழுவதும் வேப்பெண்ணெய் படாத அடிப்பக்கமாகத் தேடிக் கடித்தது.

அதன் பிறகு அவர் கடிபட்ட பொருள்களைப் பார்ப்பதை விட்டுக் கடிக்கிற வாயைப் பார்க்கத் தொடங்கினார். பிரம்பில் இலேசான இரத்தக் கறை இருந்தது. தரையில் அரிசி மணி போல ஒரு பால்பல் கிடந்தது. ஈறு நமைச்சல் என்று புரிந்தது. இன்னொன்றையும் கவனித்தார். சமையலறையில் பிரம்புக் கூடை இருந்தது. அதை அது தொடவே இல்லை. கடிபட்டதெல்லாம் வாசலுக்குப் பக்கத்தில் இருந்தவை. "நானும் அவரும் காலைல பூட்டிட்டுப் போறோமில்ல, அந்தக் கதவைப் பாத்துக்கிட்டே கடிக்குதுடி. சோபா மேல அதுக்கு ஒண்ணும் கோவம் இல்ல," என்றார்.

அதற்குப் பிறகு அவர் செய்தவை எளிய காரியங்கள். காலையில் சீக்கிரம் எழுந்து, பள்ளிக்குக் கிளம்புமுன் அயோடினை ராஜகீழ்ப்பாக்கம் வரை நடத்திக் கூட்டிப்போய் வந்தார். பழைய துண்டை நனைத்து முடிச்சுப் போட்டு ஃப்ரீஸரில் உறைய வைத்துக் கடிக்கக் கொடுத்தார். ஈறுக்கு அது இதமாக இருந்தது. மிச்சம் ஒன்றே ஒன்று, நடுப்பகல் தனிமை. பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. மதிய இடைவேளைக்கு முந்திய பாடவேளையில் நான் எடுக்க வேண்டிய வகுப்பு எதுவும் இல்லை. தலைமையாசிரியையிடம் அவரே பேசி அனுமதி வாங்கிவிட்டு வீட்டுச் சாவியை என் கையில் வைத்தார்.

"சும்மா போய் உக்காரு. நீ பாட்டுக்குப் படி. அதுகூடப் பேசக்கூட வேணாம்."

"சோபாவைக் கடிச்சா என்ன மிஸ் பண்றது?"

"கத்தாத. துண்டைக் குடு. துண்டைக் கடிச்சதும் சமத்துன்னு சொல்லு. வேணாம்னு மட்டும் சொல்லிட்டு நம்ம போயிட்டா, அது அந்த வாயை வச்சுக்கிட்டு என்ன பண்ணும், பாவம்."

எனக்கு நாய் என்றால் அப்போது கொஞ்சம் பயம். முதல் சில நாட்கள் கால்களைச் சோபாவின் மேல் தூக்கி வைத்துக்கொண்டே படித்தேன். அயோடின் கைப்பிடியை நோக்கிப் போகும், நான் துண்டை நீட்டுவேன், அது என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்ளும். சில வாரங்களில் அது சோபாப் பக்கம் போவதற்கு முன் ஃப்ரிட்ஜ் அருகே போய் உட்காரக் கற்றுக்கொண்டது. நான் அந்த வீட்டின் அமைதியில், யாரும் கூப்பிடாமல், யாருக்கும் பதில் சொல்லாமல் படித்தேன். எங்கள் இரண்டு அறை வீட்டில் அண்ணன் குடும்பமும் சேர்ந்து இருந்தது. அங்கே படிக்க எனக்கு மாடிப்படிதான் உண்டு. பெரிய நாவல்கள் பலவற்றை நான் முடித்தது ஒரு நாய்க்குட்டி துண்டு கடிக்கும் சத்தத்தில்தான்.

கிறிஸ்துமஸ் அன்று என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். ஜோசப் சாரின் அக்கா பட்டுச்சேலையில் சோபாவில் சாய்ந்து, தூத்துக்குடி ஆலயத்துப் பாடகர் குழுவில் நடந்த சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தார். முந்தானை கைப்பிடிக்கு வெளியே தொங்கியது. அயோடின் வந்து அதன் நுனியை வாயில் கவ்வியது. ஜோசப் சார் பாதி எழுந்துவிட்டார். எனக்குத் தட்டு கையில் கனத்தது. கிரேஸ் மிஸ் குரலை உயர்த்தவில்லை. மேசைக்கடியிலிருந்து துண்டை எடுத்துத் தாழ்வாக நீட்டி, "அயோடின், இது" என்றார். குட்டி யோசித்தது. அது யோசித்த அந்த நேரம் மிக நீளமாக இருந்தது. பிறகு வாயைத் திறந்தது. முந்தானையில் எச்சில் மட்டும்தான்.

அக்கா சேலையை விரித்துப் பார்த்தார். "எங்க வீட்டுக்காரர்கூட சொன்ன பேச்சு இப்படிக் கேட்டதில்ல," என்றார். ஜோசப் சார் சிரித்துவிட்டார். படப்பை என்ற பேச்சு பிறகு அந்த வீட்டில் எழவில்லை. மறு வாரம் அவரே இளநீர்க் கடையிலிருந்து ஒரு மட்டையைச் சைக்கிள் கேரியரில் வைத்து, கடிக்கட்டும் என்று கொண்டுவந்ததாக கிரேஸ் மிஸ் ஆசிரியர் அறை முழுக்கச் சொன்னார்.

அடக்கத்தன்று, பக்கத்து வீட்டு அம்மா என் அருகே வந்து உட்கார்ந்தார். நீதானே அப்போ மத்தியானம் வந்து படிச்ச பொண்ணு என்று கேட்டார். பிறகு அவராகவே சொன்னார். அயோடின் குட்டியாக இருந்தபோது, பகலில் நான் பார்த்துக்கொள்ளட்டுமா என்று அந்த அம்மா கேட்டாராம். கிரேஸ் மிஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். "'இல்ல ஆன்ட்டி, எங்க ஸ்கூல்ல ஒரு பொண்ணு இருக்கா. அவளுக்கு உக்கார ஒரு எடம் வேணும்'னு சொன்னா. எனக்கு அப்போ ஒண்ணும் புரியல."

இத்தனை வருடமாக நான் அவருக்கு உதவி செய்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ஜோசப் சார் போன் செய்தார். அயோடின் இப்போது வளர்ந்த நாய். முகவாயில் நரைகூட விழுந்திருக்கிறது. அது மறுபடி வாசல் திரைச்சீலையைக் கடிக்கத் தொடங்கியிருக்கிறது என்றார். "திட்ட மனசு வரலம்மா. அவ அப்போ என்ன பண்ணுவான்னு உனக்குத் தெரியுமில்ல?" எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போனேன். அவர் கதவைத் திறந்ததும் அது ஓடி வந்து எனக்குப் பின்னால் பார்த்தது. யாரும் இல்லை. திரும்பிப் போய்த் திரைச்சீலையின் ஓரத்தை வாயில் வாங்கிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி படுத்தது.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லுமுன்பே என் கை பக்கத்து மேசையின் மேல், அதற்குக் கொடுக்க ஏதாவது இருக்கிறதா என்று தடவித் தேடிக்கொண்டிருந்தது. வகுப்பில் பிள்ளைகளை அதட்டப் போகும்போதும் இந்தக் கை இப்படித்தான் தேடுகிறது. இதற்கு முன் நான் அதைக் கவனித்ததில்லை. எனக்கு அது கிரேஸ் மிஸ்ஸிடமிருந்து வந்தது. அதை வைத்துக்கொள்கிறேன்.