மூன்று பெட்டிகளும் ஒரு பூட்டிய அறையும்

தல்ஜோத் கவுருக்கு நாற்காலியில் உட்காரத் தெரியாது என்று பஞ்சாபின் மோகா பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள பயிற்சி வகுப்புப் பிள்ளைகள் சொல்வார்கள். மார்க்கர் பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டு, வகுப்பின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தபடியேதான் பாடம் எடுப்பாள். வயது முப்பத்து நான்கு. கனடா போகத் துடிக்கும் பிள்ளைகளை ஐலெட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதிக்குத் தயார் செய்வதுதான் பதினோரு வருடமாக அவள் வேலை.

தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. நீங்கள் பொருள்களை ஒழுங்காக வைத்துக்கொள்பவரா? பிள்ளைகள் "ஆமாம்" என்று சொல்லி வாயை மூடிக்கொள்வார்கள். இது போதாது, காரணம் ஒன்று சொல், உதாரணம் ஒன்று சொல் என்று விரட்டுவாள். விரட்டி அலுத்துப்போய், ஒருநாள் பலகையில் தானே ஒரு பதிலை எழுதிப் போட்டாள். 'ஞாயிற்றுக்கிழமைகளில் என் படிப்பு மேசையில் புத்தகங்களை நிறவாரியாக அடுக்குவேன். அது என் மனத்தை அமைதிப்படுத்துகிறது.' வகுப்பில் ஒருவர் வீட்டிலும் படிப்பு மேசை கிடையாது. ஆனாலும் பதில் பிடித்துப்போயிற்று. மாடிப்படிக்குக் கீழே இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் அதைப் பிரதி எடுத்து விற்றார். அடுத்த தெரு வகுப்புகளுக்கும் போயிற்று.

பிப்ரவரியில் முடிவுகள் வந்தன. அவள் வகுப்பில் பதினோரு பேருக்குப் பேச்சில் ஒன்பதுக்கு ஐந்துக்கு மேல் ஏறவில்லை. அதில் சுக்மீத்தும் ஒருத்தி. பத்தொன்பது வயது, பக்கத்துக் கிராமம். வந்தவள் அழவில்லை.

"மேடம், நான் ஞாயித்துக்கிழமைன்னு வாயத் திறந்தேன். கேள்வி கேட்ட அந்தம்மா பேனாவக் கீழ வச்சிட்டாங்க. 'நிறம் நிறமா அடுக்குவீங்களா'ன்னு அவங்களே கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஆமாங்க, மனசு அமைதியாகும்னேன்."

வகுப்பு சிரித்தது. தல்ஜோத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. பயிற்சி நிலையத்தின் முதலாளி பிராரிடம் போய்ச் சொன்னாள். அவர் பருப்பும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டே யோசித்தார்.

"நிறம்னு இருக்கிறத உயரம்னு மாத்திடுங்க மேடம். விஷயம் முடிஞ்சுது."

அவளால் முடிந்ததாக நினைக்க முடியவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு ஆட்டோவில் போகாமல் தானியச் சந்தையைச் சுற்றி நடந்தே போனாள். பதினோரு பிள்ளைகளின் வாயில் தன் பொய்யைத் திணித்து அனுப்பியிருக்கிறோமே என்று குறுகுறுத்தது. திங்கட்கிழமை சுக்மீத்தை எழுப்பி நிறுத்தினாள்.

"மேசைய விடு. உங்க வீட்டுல எது தாறுமாறாக் கெடக்கு, அதச் சொல்லு."

"அதச் சொன்னா மார்க்கு போயிடாதா?"

"நீ சொல்லு."

"எங்க வீட்டுல மூணு பெட்டி நிக்குது மேடம். நான் கனடா போறதுக்கு வாங்கினது, ரெண்டு வருசமாச்சு. அம்மா தெனமும் எதையாவது உள்ள வப்பாங்க, அப்புறம் எடுப்பாங்க. வீட்டுல எது காணலேன்னாலும் பெட்டியிலதான் தேடணும். போன வாரம் டீ வடிகட்டி அதுலதான் கெடந்துச்சு."

"இத இங்கிலீஷ்ல சொல்லு."

சுக்மீத் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். இரண்டு இடத்தில் வினைச்சொல்லின் காலம் பிசகியது, தல்ஜோத் அதை மட்டும் திருத்தினாள். வடிகட்டிக்கு ஆங்கிலச் சொல் தெரியாமல் கையால் அபிநயம் பிடித்தபோது, "தெரியலேன்னா டீ வடிக்கிற சாமான்னு சொல்லிட்டுப் போ, நிக்காத" என்றாள். அதற்குப் பிறகு வகுப்பை அடக்க முடியவில்லை. ஒருத்தி தன் தாத்தாவின் மருந்துச் சீட்டுகள் அரிசி டப்பாவில் இருப்பதைச் சொன்னாள். இன்னொருத்தன் தங்கள் எருமைக் கொட்டகைதான் வீட்டைவிடச் சுத்தம் என்றான். அரைகுறை ஆங்கிலம்தான். ஆனால் யாரும் இரண்டு வாக்கியத்தோடு நிற்கவில்லை.

கடைசியில் சுக்மீத் கேட்டாள். "உங்க வீட்டுல எப்படி மேடம்?"

தல்ஜோத்தின் கால் நின்றுவிட்டது. வாயில் வந்தது ஞாயிற்றுக்கிழமைதான். அதை விழுங்கிக்கொண்டு மணி அடித்துவிட்டதாகச் சொல்லி வெளியேறினாள்.

வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் பீஜியும் அவளும் படுப்பார்கள். அம்மாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். மற்றது தம்பி அமிதோஜின் அறை. அவன் கனடாவில் பிராம்ப்டன் போய் ஒன்பது வருடம். பீஜி வியாழக்கிழமைதோறும் திறந்து தூசி தட்டி, படுக்கை விரிப்பை உதறிப் போட்டுவிட்டு மறுபடி பூட்டுவாள். தல்ஜோத்தின் புத்தகங்கள் குளிர்பெட்டி மேலும் தையல் இயந்திரத்தின் மேலும் கிடந்தன. பிள்ளைகளின் தாள்களைக் கோதுமை மாவு டின்மீது வைத்துத்தான் திருத்துவாள்.

அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "பீஜி, அந்தச் சாவியக் குடு."

"எதுக்கு?"

"நான் அதுல இருக்கப் போறேன்."

"அவன் வந்தா எங்க படுப்பான்?"

"வந்தா ஒரு வாரம் இருப்பான். நான் தெனமும் இருக்கேன்."

"நீயும் ஒரு நாள் கல்யாணமாகிப் போற பொண்ணுதானே."

"பதினோரு வருசமாப் போற பொண்ணாவே இருக்கேன் பீஜி. இன்னும் போகல."

பீஜி கடுகுக்கீரையைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். சாவி துப்பட்டா முனையில் முடிச்சோடு தொங்கியது. நான்காம் நாள் அமிதோஜ் வீடியோவில் வந்தபோது தல்ஜோத் நேராகவே கேட்டுவிட்டாள்.

"என் ரூமா?" என்றான் அவன். "அது இன்னும் அப்படியேவா இருக்கு? எனக்கு அதுல என்ன இருந்துச்சுன்னே மறந்துபோச்சுக்கா. எடுத்துக்க."

கூப்பிடு தூரத்தில் இருந்த பீஜிக்கு அது கேட்டது. அவள் எழுந்து போய்க் கோழிகளுக்குத் தீவனம் போட்டாள். போட்டு முடித்தும் வெகுநேரம் அங்கேயே நின்றாள். மறுநாள் காலை தல்ஜோத்தின் தேநீர்க் கோப்பை பக்கத்தில் சாவி இருந்தது. அதை எடுத்தபோது அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. திருடியதுபோல் இருந்தது.

சுக்மீத் ஏப்ரலில் மறுபடி எழுதினாள். பேச்சில் ஆறரை. ஒழுங்கைப் பற்றிய கேள்வி இம்முறை வரவே இல்லையாம். மழையைப் பற்றிக் கேட்டார்களாம். தங்கள் கூரை எந்த இடத்தில் ஒழுகும் என்று அவள் பாட்டுக்குச் சொல்லியிருக்கிறாள்.

அந்தச் செய்தி வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை தல்ஜோத் ஒரு பழைய மேசையை வாங்கி வந்து அறைக்குள் போட்டாள். உட்கார்ந்தாள், ஐந்து நிமிடம் தாங்கவில்லை. எழுந்து மேசையை ஜன்னலோரம் இழுத்தாள். வெயிலில் கண் கூசியது. சுவரோரம் தள்ளினாள், வெளிச்சம் போதவில்லை. அவள் நான்காம் முறை இழுக்கும் சத்தம் கேட்டு பீஜி கையைத் துப்பட்டாவில் துடைத்தபடி வாசலில் வந்து நின்றாள்.

"தரையெல்லாம் கீறுது பாரு," என்று சொல்லி, மேசையின் மறுமுனையைத் தூக்கினாள். "எந்தப் பக்கம்?"

"தெரியல பீஜி," என்றாள் தல்ஜோத். "தூக்கு, பாக்கலாம்."