கண்டக்டரின் தொடைக் கோடுகள்

என் அக்கா வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். வீட்டிலும் உட்காரமாட்டார், சாப்பாட்டுத் தட்டோடு கூடத்தைச் சுற்றுவார். "ஒரு இடத்துல உக்காந்தா கொறஞ்சா போயிடுவீங்க?" என்று அக்கா கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டாள்.

ஒரு காலத்தில் மனிதர் பீப்பாய் மாதிரி இருந்தார். வாயைக் கட்டி, உடம்பில் பாதியைக் கரைத்தார். கொழுப்பு போனது, தோல் போகவில்லை. வயிற்றுத் தோலை மடித்து பெல்ட்டுக்குள் செருகிக்கொள்வார். தொடைத் தோல்தான் பாடாய்ப் படுத்தியது. நடக்க நடக்க உரசிப் புண்ணாகும். அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அக்காவைக்கூட உள்ளே விடாமல், பவுடரை அள்ளி அப்பிக்கொண்டுதான் டூட்டிக்குப் போவார். அவர் நொண்டுவதைப் பார்த்த டிப்போ மேனேஜர், "சரியாகலன்னா டைம் கீப்பர் நாற்காலிதான்" என்றார். நாற்காலி என்றதுமே இவர் டாக்டரைத் தேடி ஓடினார்.

வயிறு, தொடை இரண்டிலும் தொங்கும் தோலை ஒரே நாளில் வெட்டித் தைத்துவிடலாம் என்றார் டாக்டர். ஆபரேஷனன்று காலை இவரை நிற்கவைத்து, தோலைக் கிள்ளிப் பிடித்து, வெட்டவேண்டிய கோடுகளைப் பேனாவால் வரைந்தார்.

"ஆடாம நில்லுங்க. படுத்தா தோல் சரிஞ்சிடும், அளவு தெரியாது."

டாக்டர் போனதும் இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறைக்குள் நடந்தார். தொடை உரசியது. கை தானாகப் பையிலிருந்த பவுடர் டப்பாவை எடுத்தது. மை காயுமுன்னே அள்ளிப் போட்டுத் தேய்த்துவிட்டார். மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்த பிறகுதான், தொடையில் கோடே இல்லாததை டாக்டர் பார்த்தார். மயங்கிக் கிடப்பவரை எழுப்பி நிற்கவைக்கவா முடியும்? குத்துமதிப்பாக வெட்டினால் தையல் பிரிந்துவிடும். வயிற்றை மட்டும் முடித்தார்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். இவருக்கோ அழுகை. காயத்திலிருந்து வடியும் ரத்தநீர் சேரும் டப்பாவை டிக்கெட் பைபோலத் தோளில் மாட்டிக்கொண்டு, வார்டு முழுக்க அலைந்தார். "இனி நாற்காலிதான், எனக்கு நாற்காலிதான்."

சில மாதம் கழித்து மறுபடி கோடு போட்டார்கள். பவுடர் டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள் அக்கா. ஆனாலும் விரல்கள் துறுதுறுத்தன. கட்டிலில் காலை அகட்டி உட்கார்ந்தவர், இரண்டு கைகளையும் அவளிடம் நீட்டினார்.

"புடிச்சுக்கோடி. விட்டா தேய்ச்சிடுவேன்."

அந்தத் தொடைகளை அக்கா அன்றுதான் வெளிச்சத்தில் பார்த்தாள். ஆபரேஷன் தியேட்டர் கதவு வரை அவர் கைகளை விடவே இல்லை.

இப்போது அவர் மறுபடி பஸ்ஸில் டூட்டி பார்க்கிறார். சாப்பாட்டுத் தட்டோடு இன்னும் கூடத்தைச் சுற்றுகிறார், அக்கா இன்னும் கத்துகிறாள். அறைக்கு மட்டும் தாழ்ப்பாள் போடுவதில்லை.